பக்தி இசையும் மேனாட்டு வாத்தியங்களும்



கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சிற்றூர். அவ்வூர் அம்மன் கோயிலில் சித்திரைத் திருவிழா. சில ஆண்டுகளுக்கு முன்னர் அத்திருவிழாவில் ஓர் இரவு கச்சேரி கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மேடையில் பதினாறு வயது மதிக்கத்தக்க பையன் ஒருவன் பிடிலோடு சம்மணமிட்டு அமர்ந்திருந்தான். அவனுக்கு இடப்புறம் கீபோர்டு, வலப்புறம் கிதார், பின்னால் டிரம்ஸ். மிருதங்கம் ஒன்றும் இருந்தது. ஆனால் அதை மேடையின் ஓரத்திற்குத் தள்ளியிருந்தார்கள்.

முதலில் விநாயகர் மீது அம்சத்வனி ராகக் கீர்த்தனை ஒன்றை வாசித்தான். பிடில் பாட்டை எடுத்துச் சென்றது. கிதாரும் கீபோர்டும் கீழே மெல்லிய விரிப்பு விரித்தாற்போல் உடன் வந்தன. நாற்று நட்டுவிட்டு வந்து மணலில் உட்கார்ந்திருந்த மக்கள் தலையசைத்துக் கேட்டனர். நானும் மகிழ்ந்தேன். அடுத்து அவன் தோடி ராகத்தை எடுத்தான். ஆலாபனை தனியாக வாசித்தவரையில் எல்லாம் நன்றாகவே இருந்தது. கீர்த்தனை தொடங்கிக் கீபோர்டும் சேர்ந்தது. ஏதோ ஒன்று குறைந்துவிட்டது. என்ன குறைந்தது என்பதைக் கண்டுகொள்ள எனக்குச் சில நிமிடங்கள் ஆயின. பையனின் காந்தாரம் அசைவதை நிறுத்தியிருந்தது.

கச்சேரி முடிந்த பின் அவனிடம், "தம்பி, தோடியின் காந்தாரம் எங்கே போயிற்று?" என்று கேட்டேன். அவன் சற்று வெட்கத்தோடு, "ஐயா, கீபோர்டு நேராக நிற்கிறது, நான் அசைத்தால் அபஸ்வரம் போலக் கேட்கிறது. அதனால் நானும் நேராக நிறுத்திக்கொண்டேன்" என்றான்.

அவன் சொன்ன அந்த விடைதான் இன்றைய என் பேச்சுக்கு வித்து.

நம் பக்தி இசையோடு மேனாட்டு வாத்தியங்களைச் சேர்க்கலாமா, கூடாதா என்னும் வாதம் பல காலமாக நடந்து வருகிறது. கூடவே கூடாது என்பார் ஒரு சாரார். காலத்திற்கேற்ற மாறுதல் வேண்டும் என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் வாத்தியத்தின் பிறப்பிடத்தைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் அப்பையன் கையில் இருந்த பிடிலும் மேனாட்டில் பிறந்ததுதானே! ஒரு மேனாட்டு வாத்தியம் மற்றொரு மேனாட்டு வாத்தியத்துக்கு அஞ்சித் தன் காந்தாரத்தை நேராக்கிக்கொண்டது. ஆகவே, எங்கே பிறந்தது என்பது இங்கே கேள்வியன்று. நம் இசையின் இயல்பை அது கற்றுக்கொண்டதா என்பதே கேள்வி.

பிடில் நம்மிடம் வந்த கதையைச் சற்று நினைத்துப் பார்ப்போம். முத்துசுவாமி தீட்சிதர் 1775ஆம் ஆண்டில் பிறந்தவர். அவருடைய இளைய சகோதரர் பாலுசுவாமி தீட்சிதர். அக்குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் செல்வர் ஒருவரின் ஆதரவில் தங்கியிருந்த நாட்களில், பாலுசுவாமி ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார் என்பது இசை வரலாறு. பின்னர் அவர் எட்டயபுரம் அரசவையில் வித்துவானாக விளங்கினார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் இவ்வாத்தியத்தில் தேர்ச்சி பெற்றார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834ஆம் ஆண்டில் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

அந்தப் பெரியவர்கள் வாத்தியத்தை அப்படியே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. மேனாட்டார் தோளில் தாங்கி, மோவாயால் அழுத்திப் பிடித்து, பெரும்பாலும் நின்றுகொண்டு வாசிப்பர். நம்மவர் தரையில் அமர்ந்து, வாத்தியத்தின் தலையை வலது பாதத்தின் மேல் ஊன்றி, அடிப்பாகத்தை மார்பில் சாய்த்துக்கொண்டனர். இது வெறும் உட்காரும் வசதிக்காகச் செய்த மாற்றம் என்று எண்ணிவிடக் கூடாது. வாத்தியத்தைத் தாங்கும் பொறுப்பு இடது கைக்கு இல்லாமற் போகவே, அக்கை தந்தியின் நெடுகிலும் தங்குதடையின்றி வழுக்கிச் செல்ல முடிந்தது. கமகத்துக்கு வழி பிறந்தது. மேனாட்டு முறையில் நான்கு தந்திகளும் ஒன்றுக்கொன்று பஞ்சம இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கும். நம்மவர் அவற்றை ஷட்ஜம், பஞ்சமம், மீண்டும் ஷட்ஜம், பஞ்சமம் என்று சுருதி சேர்த்தனர். மரம் அதே மரம். வில்லும் அதே வில். ஆனால் பேசும் மொழி மாறிவிட்டது. இன்று நம் வாய்ப்பாட்டுக் கச்சேரியில் பக்கவாத்தியமாகப் பிடில் இல்லாவிட்டால் ஏதோ குறைபோல் தோன்றுகிறது.

இவ்விடத்தில் முத்துசுவாமி தீட்சிதர் செய்த ஒரு காரியத்தையும் நினைவுகூர வேண்டும். ஆங்கிலேயர் பாண்டு வாத்தியத்தில் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழியில் தெய்வத் துதிகளை அமைத்தார். அவற்றை நோட்டு ஸ்வரம் என்கிறோம். ஆங்கிலேயரின் அரச வாழ்த்துப் பாட்டின் மெட்டில் அமைந்த 'சந்ததம் பாஹிமாம்' அவற்றுள் ஒன்று. அவை சங்கராபரணத்தின் ஸ்வரங்களில், கமகம் இன்றி, நேர்நடையாகச் செல்வன. கருத்தூன்றிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். பாண்டு மெட்டு எந்த நிலத்தில் வேர்பிடிக்கும் என்று அறிந்து அதை அந்த நிலத்தில் மட்டுமே அவர் நட்டார். விளம்ப காலத்தில் கமகச் செறிவோடு நடக்கும் தம் பெரிய கிருதிகளில் அதைக் கொண்டுபோய்ப் புகுத்தவில்லை. புதுமைக்கு இடம் கொடுத்தார். எந்த இடம் என்பதையும் அவரே தீர்மானித்தார்.

இனி, தோடியில் நேர்ந்தது என்ன என்பதைச் சிறிது விளக்க வேண்டும். கீபோர்டு ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமமான படிகளாக வகுத்துக்கொண்ட வாத்தியம். ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு படி ஒலிக்கும். இரண்டு படிகளுக்கு நடுவே நிற்க இடமில்லை. தோடியின் காந்தாரமோ ஒரு படியில் நிற்பதன்று. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஊஞ்சல் போல அசைந்து அசைந்து தன்னைக் காட்டிக்கொள்வது. அசைவை எடுத்துவிட்டால் ஸ்வரம் இருக்கும், தோடி இராது.

மேனாட்டுச் சங்கீதத்தில் மூன்று நான்கு ஸ்வரங்களை ஒரே சமயத்தில் சேர்த்து ஒலிப்பது மரபு. இதை ஸ்வரக் கூட்டு எனலாம். அக்கூட்டு இனிமையாக ஒலிக்க வேண்டுமானால் அதில் சேரும் ஸ்வரங்கள் தத்தம் இடத்தில் உறுதியாக நிற்க வேண்டும். அம்சத்வனியின் ஐந்து ஸ்வரங்கள் பெரிதும் நிலையாக நிற்பவை. ஆகவே அங்கே கூட்டு பொருந்தியது. தோடிக்கு அடியில் அதே கூட்டை வைத்தபோது, அசைகின்ற ஸ்வரத்தை ஆணி அடித்து நிறுத்தினாற்போல் ஆயிற்று. வளையக்கூடியது வளையாததோடு சேரும்போது விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் வளையக்கூடியதே. அந்தப் பையன் தவறு செய்தான் என்று நான் கூறமாட்டேன். அவனுடைய செவி கூர்மையானது. பக்கத்து ஒலியோடு இணங்க வேண்டும் என்று அது அவனை ஏவிற்று. அவனை அந்த நெருக்கடியில் நிறுத்தியவர்கள் பெரியவர்களாகிய நாம்.

இதே கவலையால்தான் அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டில் ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. கமகம் பேசாத வாத்தியம், பாடுபவரின் குரலையும் தன் வழிக்கு இழுத்துவிடும் என்பது அன்றைய வாதங்களுள் ஒன்று. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே அத்தடை சிறிது சிறிதாகத் தளர்ந்தது. அன்று தடை விதித்தவர்கள் கண்ட அபாயம் பொய்யன்று. ஆனால் தடைதான் அதற்கு மருந்தா என்று கேட்டால், ஆம் என்று சொல்ல என் மனம் துணியவில்லை. அதற்குச் சான்றும் இதே பள்ளத்தாக்கிலிருந்து கிடைக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், தேவாரத்துக்கும் கோம்பைக்கும் அருகே பண்ணைப்புரம் என்னும் ஊர் உள்ளது. 1943ஆம் ஆண்டில் அவ்வூரில் பிறந்தவர் இளையராஜா. அவருடைய தமையனார் பாவலர் வரதராஜன் பொதுவுடைமை இயக்க மேடைகளில் பாடிப் புகழ்பெற்றவர். சிறுவயதிலேயே அந்தக் குழுவோடு ஊர் ஊராகச் சென்ற இளையராஜாவுக்கு ஆர்மோனியமே முதல் பள்ளிக்கூடம் எனலாம். வானொலி நிலையம் வாசலில் நிறுத்திய வாத்தியம், வயற்காட்டு மேடைகளில் ஓர் இசைக் கலைஞரை உருவாக்கிக்கொண்டிருந்தது!

பின்னர் அவர் சென்னைக்குச் சென்று தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையை முறையாகப் பயின்றார். கிதாரில் லண்டன் டிரினிடி கல்லூரியின் தேர்வில் தேறினார். டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக இசையும் கற்றார். 1976ஆம் ஆண்டில் 'அன்னக்கிளி' திரைப்படத்தின் வாயிலாக நாடறிந்தவரானார். திரைப்படப் பாடல்களைப் பற்றி இங்கே நான் பேசப்போவதில்லை. நம் பொருளுக்கு நேராக உரியது 1986ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' என்னும் வாத்திய இசைத் தொகுப்பு. 'இதற்கு எப்படிப் பெயரிடுவது' என்பது அத்தலைப்பின் பொருள். அதில் தலைமை வாத்தியம் வயலின், வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். அத்தொகுப்பு இருவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. ஒருவர் திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகள். மற்றவர் ஜெர்மானிய நாட்டு யோஹான் செபாஸ்டியன் பாக்.

இந்த இருவரை ஒருசேர வைத்தது ஆழ்ந்து நோக்கத் தக்கது. பாக் 1685 முதல் 1750 வரை வாழ்ந்தவர். 1723 முதல் தம் இறுதிக்காலம் வரை லைப்சிக் நகரத்துத் தேவாலயங்களுக்காக இசை அமைத்து வந்தார். 'இறைவன் ஒருவனுக்கே மகிமை' என்று பொருள்படும் மூன்று எழுத்துகளைத் தம் படைப்புகள் பலவற்றின் இறுதியில் எழுதுவது அவர் வழக்கம். தியாகராஜர் 1767 முதல் 1847 வரை வாழ்ந்தவர். காவிரிக் கரையில் இராமபிரானின் சந்நிதியே போதும் என்று இருந்தவர். ஒருவரை ஒருவர் கண்டதில்லை. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. எனினும் இருவரும் தம் இசையைக் கடவுளின் திருவடியில் வைத்தவர்கள். வாத்தியங்களைச் சேர்ப்பதற்கு முன்னால் அவற்றின் பின்னே இருந்த வணக்கத்தைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார் பண்ணைப்புரத்துக்காரர்.

அத்தொகுப்பில் ஓர் உருப்படிக்கு 'பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்' என்று பொருள்படும் தலைப்பு. பாக் தனி வயலினுக்கென்று எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டாவின் முன்னிசையை அடிப்படையாகக் கொண்டு அது அமைந்துள்ளது. மற்றோர் உருப்படியின் தலைப்பு, மேனாட்டுச் சிறு வாத்தியக் குழு தியாகராஜரை வரவேற்கிறது என்னும் பொருளைத் தருவது. இரண்டு தலைப்புகளும் விருந்தோம்பலின் சொற்களாய் இருக்கின்றன. நம் நாட்டு விருந்தோம்பலில் ஒரு முறை உண்டு. விருந்தினர் வந்ததும் வீட்டுக்காரர் தம் வீட்டு வழக்கத்தை விட்டுவிடுவதில்லை. வந்தவரும் வீட்டின் தூணைப் பெயர்த்து வைக்க முனைவதில்லை. இருவரும் மரியாதையோடு திண்ணையில் அமர்ந்து பேசுகிறார்கள். இசையிலும் அவ்வாறு பேச வழி உண்டா?

உண்டு. அவ்வழி பாக்கினிடமே இருக்கிறது. ஸ்வரங்களை மேலும் கீழுமாக அடுக்கிக் கூட்டாக ஒலிப்பது மேனாட்டு முறைகளுள் ஒன்று. ஒரு மெட்டு ஒரு குரலில் தொடங்க, சற்றுப் பின்னால் அதே மெட்டை வேறொரு குரல் எடுத்துக்கொண்டு உடன்வர, மூன்றாவது குரலும் வந்து கலந்துகொள்ள, எல்லாம் தனித்தனியாக நடந்தும் ஒன்றாகப் பொருந்துவது மற்றொரு முறை. இதற்கு ஃபியூக் என்று பெயர். பாக் இதில் ஒப்பற்றவர். நம் சங்கீதத்தின் உயிர், ஒற்றை இழையாக ஓடும் இராகம். ஆகவே அதற்கு அடியில் ஸ்வரக் கூட்டுகளை நெடுகிலும் வைத்துக்கொண்டு போவதைக் காட்டிலும், அதே இராகத்தின் ஸ்வரங்களால் ஆன வேறொரு இழையைப் பக்கத்தில் ஓடவிடுவது பல இடங்களில் இயல்பாகப் பொருந்துகிறது. ஒரே ஆற்றில் பிரிந்த இரண்டு வாய்க்கால்கள் பக்கம்பக்கமாகச் செல்வது போன்றது அது. இரண்டிலும் ஓடுவது ஒரே தண்ணீர்தான். வயலினை வாசித்த வி. எஸ். நரசிம்மன் பிற்காலத்தில் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ கொண்ட நால்வர் குழுவை அமைத்து, கர்நாடகக் கீர்த்தனைகளையே அக்குழுவுக்கு ஏற்றவாறு வாசித்துக் காட்டினார். வில் வாத்தியங்கள் நான்கும் வளையக்கூடியவை ஆதலால் ஒன்றையொன்று நேராக்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை.

பக்தி இசையில் சாகித்தியத்தின் இடத்தையும் மறந்துவிடக் கூடாது. மதுரையில் பாண்டியனுக்கு அமைச்சராய் இருந்து, அப்பதவியைத் துறந்து சிவனடியாரானவர் மாணிக்கவாசகர். அவருடைய திருவாசகத்தின் சில பகுதிகளுக்கு இளையராஜா பெரும் வாத்தியக் குழுவுக்கான இசை அமைத்து 2005ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஹங்கேரி நாட்டுப் புதாபெஸ்ட் நகரக் குழுவினர் அதில் வாசித்தனர். ஓதுவார் ஒருவர் சந்நிதியில் தனியாக நின்று உருகிப் பாடிக் கேட்ட பதிகத்தை அத்தனை வாத்தியங்களுக்கு நடுவே கேட்பது வேறோர் அனுபவம். சிலர் நெகிழ்ந்தனர், சிலர் ஓதுவாரே போதும் என்றனர். இரு கூற்றிலும் நியாயம் உண்டு. என் அளவில் அதற்கு ஒரே உரைகல்தான். எவ்வளவு வாத்தியம் முழங்கினாலும் சொல் தெளிவாகக் காதில் விழுந்து நெஞ்சைத் தொடுகிறதா என்பதே அது. தொட்டால் அது வழிபாடு. தொடாவிட்டால் வாத்தியத் திறமை மட்டுமே.

2025ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள், லண்டன் மாநகரில் ராயல் பில்ஹார்மோனிக் குழு அவருடைய முதல் சிம்பனியை அரங்கேற்றியது. அதற்கு 'வேலியண்ட்' என்று பெயர். பண்ணைப்புரத்து மேடையில் ஆர்மோனியத்தோடு தொடங்கிய பாதை அதுவரை சென்றிருக்கிறது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தப் பாதையில் கழிந்த ஆண்டுகளை நம் இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். இரண்டு மரபுகளையும் தனித்தனியே, ஆசிரியரின் காலடியில் அமர்ந்து கற்ற பின்னரே அவர் அவற்றைச் சேர்த்தார்.

வளையாத வாத்தியத்தையும் பயிற்சியால் வளைக்கலாம் என்பதற்கு வேறு சான்றுகளும் உண்டு. கிளாரினெட் சாவிகள் கொண்ட மேனாட்டுக் குழல். அதில் நம் இராகங்களை நாகசுரத்தின் மிடுக்கோடு வாசித்தவர் ஏ. கே. சி. நடராஜன். சாக்ஸபோனை நம் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்து கமகம் பேச வைத்தவர் கத்ரி கோபால்நாத். மாண்டலினில் மெட்டுகள் பதித்திருக்கும். மேனாட்டார் அதைத் தத்தித் தத்தி மீட்டுவர். யு. ஸ்ரீநிவாஸ் சிறு பிள்ளையாக இருந்தபோதே அதன் தந்தியை இழுத்தும் வழுக்கியும் கீர்த்தனங்களைக் குழைவோடு வாசித்தார். இம்மூவரும் வாத்தியத்துக்கு ஏற்ப இராகத்தைக் குறைக்கவில்லை; இராகத்துக்கு ஏற்ப வாத்தியத்தைப் பழக்கினார்கள். அதற்கு ஒவ்வொருவரும் கொடுத்த விலை பல்லாண்டு அப்பியாசம்.

நம் பள்ளத்தாக்கில் இதற்கு ஓர் உவமை கண்முன்னே ஓடிக்கொண்டிருக்கிறது. மேற்கே கடலை நோக்கிச் சென்றுகொண்டிருந்த பெரியாற்று நீரை, பென்னிகுயிக் என்னும் பொறியாளர் அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து, ஒரு மைலுக்கும் மேல் நீண்ட சுரங்கவழியே கிழக்கே திருப்பினார். 1887ஆம் ஆண்டில் தொடங்கிய வேலை 1895ஆம் ஆண்டில் முடிவுற்றது. அந்த நீர் கூடலூர்ப் பக்கம் இறங்கி, கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வழியாகச் சென்று வைகையில் கலக்கிறது. தண்ணீர் மேற்கிலிருந்து வந்தது. விளைவது நம் மண்ணின் நெல்தான். மலையை உடைத்து வெள்ளமாகத் திறந்துவிட்டிருந்தால் வயல்களே இருந்திரா. எவ்வளவு நீர், எந்த மட்டத்தில், எந்த வாய்க்காலில் என்று அளந்து விட்டதனால்தான் அது பாசனமாயிற்று. இசையில் இந்த அளவை அறிந்தவனே சேர்க்கும் தகுதி உடையவன்.

அந்தக் கோயில் மேடையில் இல்லாமற் போனது இந்த அளவுதான். இன்று கம்பத்திலும் தேனியிலும் போடியிலும் கோயில் விழாக்களிலும் திருமணங்களிலும் பிடிலோடு கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்த குழுக்களை அழைக்கிறார்கள். இதைத் தடுக்க முடியாது. தடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. கரகமும் உறுமியும் நையாண்டி மேளமும் கேட்டு வளர்ந்த மக்கள், கல்யாண ஊர்வலத்தில் பாண்டு வாத்தியத்தையும் தயங்காமல் ஏற்றுக்கொண்டவர்கள். புதிய ஒலி அவர்களுக்கு அச்சம் தருவதன்று. ஆனால் அந்த மேடையில் அமரும் பிள்ளைகளுக்கு நாம் சில செய்திகளைச் சொல்லிக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலாவது, எந்த உருப்படியைச் சேர்த்து வாசிப்பது என்னும் தேர்வு. அம்சத்வனி, மோகனம், சங்கராபரணத்தின் நேர்நடை உருப்படிகள் போன்றவை ஸ்வரக் கூட்டைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். தோடி, பைரவி, சகானா போன்ற அசைவே உயிரான இராகங்களை எடுக்கும்போது கீபோர்டு கலைஞர் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஷட்ஜ பஞ்சமத்தோடு நிற்பதே நலம். அப்படி நிற்பதும் வாசிப்பில் ஒரு பகுதிதான். தம்புரா நூற்றாண்டுகளாக அதைத்தானே செய்து வருகிறது!

இரண்டாவது, தலைமை யாருக்கு என்பது. பக்தி உருப்படியில் தலைமை சாகித்தியத்துக்கு, அதைத் தாங்கும் பிடிலுக்கோ குரலுக்கோ அடுத்த இடம், ஏனையவை உடன்வருவன. டிரம்ஸின் ஓசை மிருதங்கத்தின் சொல்லை மூடிவிடுமானால் அங்கே தாளம் இருக்கும். தாளத்தின் பேச்சு இராது. ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தும் அன்பரும் அந்த மேடையின் வித்துவான்களுள் ஒருவரே என்பதை விழாக் குழுவினர் உணர வேண்டும்.

மூன்றாவது, தனிமைப் பயிற்சி. சேர்ந்து வாசிக்கும் பிள்ளை நாள்தோறும் சிறிது நேரமாவது தம்புரா ஒலி ஒன்றையே துணையாகக் கொண்டு வாசிக்க வேண்டும். கண்ணாடி பார்த்து முகம் திருத்துவது போலத் தன் காந்தாரம் தன்னிடம் இருக்கிறதா என்று அவன் பார்த்துக்கொள்ளும் நேரம் அது. இழந்துவிட்டோம் என்பதே தெரியாமல் இழப்பதுதான் பெரிய இழப்பு. ஒரு தலைமுறை அசைவை விட்டுவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அப்படி ஒன்று இருந்தது என்பதே தெரியாமற் போகும்.

அந்தப் பையனிடம் அன்றிரவு இவ்வளவும் நான் பேசவில்லை. திருவிழாச் சந்தடியில் அதற்கு நேரமும் இல்லை. "கீபோர்டு இல்லாமல் அந்தப் பல்லவியை ஒருமுறை வாசித்துக் காட்டு, தம்பி" என்றேன். பிடிலைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தான். மறுபடியும் எடுத்து, கோயில் மண்டபத்துப் படியில் அமர்ந்து, சுருதி சேர்த்து வாசித்தான். ஒலிபெருக்கி இல்லை, விளக்குகளைப் பாதி அணைத்துவிட்டார்கள். காந்தாரம் அசைந்தது. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி கையை நிறுத்திவிட்டுச் சந்நிதியின் பக்கம் திரும்பி நின்றார். கீபோர்டு வாசித்த இளைஞரும் தம் வாத்தியத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்தவர் அருகில் வந்து, "இதை என் கட்டைகளில் கொண்டுவர முடியாதே, இவனுக்கு நான் எந்த இடத்தில் வழிவிட வேண்டும்?" என்று கேட்டார்.

அக்கேள்வி எனக்கு நம்பிக்கை அளித்தது. இருவரும் இளைஞர்கள், ஒரே பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள். எந்த இடத்தில் சேர வேண்டும் என்பதோடு, எந்த இடத்தில் விலகி நிற்க வேண்டும் என்பதையும் அவர்கள் கற்றுக்கொள்வார்களானால், அம்மன் சந்நிதியில் எந்த நாட்டு வாத்தியம் ஒலித்தாலும் குறையொன்றும் நேராது.